பார்ட்லி சொல்லாத பாதி

சவரக் கத்தி தாடையில் இரண்டாவது தடவையாக வெட்டியது. டெர்மட் ஹனஃபின் துண்டை எடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். 'வெற்றியை எழுதி ஒட்டிய முகம்' என்று போன மாதம் ஒரு பத்திரிகை அந்த முகத்தைப் பற்றி எழுதியிருந்தது. இன்று காலை அதில் ஒட்டியிருந்தது சோப்பு நுரையும் கொஞ்சம் ரத்தமும்தான்.

இந்த நாற்பத்தொரு வயதில் அவன் தோற்காமல் ஏறி வந்த ஏணி ஊருக்கே தெரியும். அயர்லாந்தின் பஞ்சத்திலிருந்து தப்பி வந்த கப்பலில் கைக்குழந்தை. சிகாகோவில் கால்வாய்க்கரைக் குடிசை. பகலில் இறைச்சிக் கொட்டடியில் வேலை, மாலையில் சட்டப் படிப்பு. பிறகு வக்கீல், நகர்மன்ற உறுப்பினர், இப்போது நவம்பர் தேர்தலில் மாவட்ட அரசு வழக்கறிஞர். கால்வாய்க்கரைப் பையன் ஒருவன் அந்த நாற்காலியைப் பிடித்துவிட்டான் என்று அவன் வளர்ந்த பிரிட்ஜ்போர்ட் வட்டாரமே வாரம் முழுக்கக் கூத்தடித்தது.

தேர்தலில் தோற்றவர் சும்மா இருக்கவில்லை. 'டெர்மட் ஹனஃபின் இந்த நாட்டுக் குடிமகனே இல்லை' என்று வழக்குப் போட்டார். தகப்பன் உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கியிருந்தால் மைனர் மகனுக்கும் அது தானாக வந்துவிடும். தகப்பன் எடுத்தாரா? அதைச் சொல்ல வேண்டிய கோர்ட் பதிவுகளெல்லாம் ஊரை விழுங்கிய பெருந்தீயில் சாம்பலாகிப் போயிருந்தன. இதெல்லாம் ஒரு வழக்கா என்று வட்டாரம் சிரித்தது. டெர்மட்டும் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு வரைக்கும் சிரித்தான்.

அன்றைக்குத்தான் அவன் அப்பா பார்ட்லி கிழவர், முட்டைக்கோசை முள்கரண்டியால் குத்திக்கொண்டே, "எடுத்தேன்டா உறுதிமொழி. பாதி எடுத்தேன்" என்றார்.

அந்த 'பாதி'தான் இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை. இன்று கிழவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல்தான் அவரை அழைத்திருக்கிறார்.

டெர்மட் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கினான். பாதிப் படியில் நின்றுவிட்டான். சமையலறையில் டீலியாவின் குரல் கேட்டது. அவன் மனைவி சத்தம் போட்டுப் பேசினால் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம். இப்போது மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரே ஒரு வார்த்தை. உறுதிமொழி எடுத்தீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு இறங்கி வந்துடுங்க."

"பைபிள் மேல கைய வச்சுட்டா?"

"பைபிள் மேல கைய வச்சுட்டுத்தான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவீங்கல்ல, அங்க சொல்லிக்கலாம். அதுக்குத்தானே சாமியாரை வச்சிருக்கோம்."

"உனக்கென்னம்மா, நோகாமச் சொல்லிட்டே. நாளைக்கே செத்தா நேரா நரகத்துக்குப் போறது நானு."

"உங்க மகன் இன்னைக்கே போறாரு, மாமா. வக்கீல் தொழிலும் போயிடும். குடிமகனா இல்லாதவன் எப்படிடா வாதாடினேன்னு கேப்பாங்க. நாப்பது வருஷம் கஷ்டப்பட்டு ஏறினவரு. நீங்க ஒரு 'ஆமா'வை முழுங்கினதுக்கு அவரு எதுக்கு விழணும்?"

டீலியாவின் குரல் உடைந்தது. டெர்மட் படிக்கட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். கோர்ட்டில் சத்தியம் செய்துகொண்ட வக்கீல் அவன். சாட்சியைப் பொய் சொல்லத் தூண்டுவது குற்றம் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறான். கீழே இறங்கிப் போய் "டீலியா, நிறுத்து" என்று சொல்ல வேண்டும். கால் வரவில்லை. கால் வரவில்லை என்பதைவிட, கிழவர் ஒப்புக்கொள்ள மாட்டாரா என்று காது ஏங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் உண்மை.

சமையலறையில் நாற்காலி நகர்ந்தது.

"சரிம்மா. 'ஆமா'ன்னு சொல்றேன். அழாதே. தேநீர் ஆறிப்போச்சு பாரு, வேற போடு."

அதற்குப் பிறகுதான் டெர்மட் இறங்கினான். எதையும் கேட்காதவன் மாதிரி வந்து உட்கார்ந்தான். சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவினான், தின்னவில்லை. கிழவர் களிமண் புகையிலைச் சுங்கானைப் பல்லில் கடித்தபடி அவன் தாடையைப் பார்த்தார்.

"யாருடா கடிச்சு வச்சா?"

"கத்திப்பா."

"நான் இன்னைக்கு என்ன சொல்லணும்னு நீயும் ஒரு வார்த்தை சொல்லேன்."

டெர்மட் வாயைத் திறந்தான். பொய் சொல்லுங்கள் என்று சொல்ல வக்கீலுக்கு வாய் வரவில்லை. நிஜத்தைச் சொல்லுங்கள் என்று சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை. "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லுங்கப்பா" என்றான்.

"வக்கீல் பேச்சு" என்று கிழவர் சுங்கானைத் தட்டினார். "அந்தப் பொண்ணு பரவாயில்லை. கேக்கிறதை நேராக் கேட்டுது."

டீலியா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பா, அன்னைக்கு ஏன்பா அப்படிப் பண்ணீங்க?" ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். பதில் மாறாதா என்ற நப்பாசைதான்.

"என்ன பண்ணிட்டேன்? இந்த நாட்டுக்கு விசுவாசமா இருப்பேன்னு சொல்லச் சொன்னான் குமாஸ்தா. கட்டடமே அதிர்ற மாதிரி சொன்னேன். அப்புறம், 'இதுவரைக்கும் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ராணியா இருக்கிறவளோட பிரஜையா இருந்த நான், அந்த விசுவாசத்தை விடறேன்'னு சொல்லச் சொன்னான். என்கிட்ட இல்லாததை நான் எப்படிடா விடுவேன்? நாய் வளர்க்கிறவன்கூட அதுக்கு வேளாவேளைக்குச் சோறு வைப்பான். உங்கம்மாவோட அண்ணன் தம்பி எல்லாரும் பஞ்சத்துல வாயில புல்லோட ரோட்டுல செத்துக் கிடந்தாங்க. எங்களுக்கு எவ சோறு வச்சா? அவளோட பிரஜையா இருந்தேன்னு என் வாயால ஒத்துக்கணுமாம். முடியாதுன்னேன். 'அடுத்த ஆளு'ன்னான். வந்துட்டேன்."

"வந்து எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"வெளியில, ஓட்டுக்காக எங்களைக் கூட்டிட்டு வந்த கட்சிக்காரன் பீர் வாங்கிக் குடுத்தான். வீட்டுக்கு வந்தா உங்கம்மா கறி சமைச்சு வச்சிருக்கா. வாழ்த்துச் சொல்ல வந்த ஒவ்வொருத்தனையும் பிடிச்சு உக்கார வச்சு இல்லைன்னு சொல்லச் சொல்றியா? முக்கியமான பாதியைத்தான் சொல்லிட்டேனே. அது போதும்னு நினைச்சேன்."

போதும் என்று நினைத்ததோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டும் போட்டிருக்கிறார். சில தேர்தல்களில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

டெர்மட் இன்றைக்கே போய்த் தனக்கென்று குடியுரிமை வாங்கிக்கொள்ளலாம். சின்ன வயதில் வந்தவனுக்கு அது அரை நாள் வேலை. ஆனால் தேர்தல் நடந்தது நவம்பரில். பின்தேதி போட்டுக் குடிமகனாக எந்தச் சட்டத்திலும் வழியில்லை. அவன் எல்லாச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டான்.

ஆர்ச்சர் சாலையில் குதிரை டிராம் வந்தபோது காற்று காதை அறுத்தது. உள்ளே ஏறினால் இடமே இல்லை. பிரிட்ஜ்போர்ட்டின் பாதி அதற்குள் இருந்தது. எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்தவர் சாராயக்கடை டென்னிஹி. இன்றைக்குக் கடைக்கே பூட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார். டென்னிஹி கடையைப் பூட்டுவது புனித வெள்ளிக்கு மட்டும்தான்.

"எந்திரிங்கடா, பெரியவருக்கு எடம் விடுங்க" என்று இரண்டு இளவட்டங்களைக் கிளப்பிவிட்டுப் பார்ட்லியை உட்கார வைத்தார். "தம்பி, மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கீங்க? நாங்க இருக்கோம்ல."

"நீங்கல்லாம் எதுக்குண்ணே வேலையைக் கெடுத்துக்கிட்டு" என்றான் டெர்மட்.

"நல்லாயிருக்கே கதை. எனக்குக் குடியுரிமை வாங்கும்போது கோர்ட்டுல பக்கத்துல நின்னு சாட்சி சொன்னது யாரு? இந்த டிராம்ல இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்குச் சொன்னது யாரு? டேய், கையைத் தூக்குங்கடா, வக்கீலய்யா சாட்சி சொன்னவங்கல்லாம்."

டிராமுக்குள் கைகள் உயர்ந்தன. கம்பளிக் கையுறைகள், கையுறை இல்லாத சிவந்த கைகள், மீன்காரி ஒருத்தி தன் புருஷனுக்காகத் தூக்கிய கை.

குடியுரிமை கேட்பவனுக்குச் சாட்சி சொல்கிறவன் இந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். அது சட்டம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தன் நாற்காலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த டெர்மட்டுக்கு இந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. தான் குடிமகன் இல்லையென்றால் தன் சாட்சி செல்லாது. தன் சாட்சி செல்லாதென்றால் இந்தக் கைகளெல்லாம் என்னவாகும்? குடிமகனுக்கு மட்டுமே கிடைக்கிற டென்னிஹியின் கடை உரிமம் என்னவாகும்?

கூட்டத்தின் இடுக்கு வழியாக டீலியாவைத் தேடினான். அவளும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாமா" என்று குனிந்து கிழவரின் காதில் சொன்னாள். "ஒரே வார்த்தை. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கும்மா, இருக்கு" என்றார் கிழவர் எரிச்சலோடு.

கோர்ட்டில் நிற்கவும் இடமில்லை. டெர்மட்டுக்காக வாதாடியது அவனுடைய கூட்டாளி கில்லீன். நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்தக் கிழவரைக் கூண்டில் பொய் சொல்லவே விடமாட்டார். அதனால்தான் டெர்மட் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் விட்காம்ப் மெலிந்து நரைத்தவர், பூர்வீகமாக இந்த மண்ணிலேயே பிறந்த குடும்பம். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எவ்வளவு மோசமான கேள்வியையும் மரியாதையாகக் கேட்பார்.

"திரு ஹனஃபின், உக்கார வசதியா இருக்கா? குடிக்கத் தண்ணி ஏதாவது வேணுமா?"

"தண்ணி குடிக்கிற பழக்கம் இல்லீங்க."

கூட்டம் சிரித்தது. நீதிபதியின் மீசையும் லேசாக அசைந்தது.

"பெருந்தீக்கு முன்னாடி, பழைய கோர்ட்டுல, நீங்க குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கிட்டீங்களா?"

கிழவர் கூரையைப் பார்த்தார். அங்கே யாரிடமோ மன்னிப்புக் கேட்பவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டீலியாவைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

டீலியா கண்ணை மூடிக்கொண்டாள். டெர்மட்டுக்கு மூச்சு திரும்பி வந்தது. எழுபது தாண்டிய அப்பா, வாழ்நாளெல்லாம் ஒரு பூசையைத் தவறவிடாத அப்பா, பைபிள் மேல் கை வைத்துப் பொய் சொல்லிவிட்டார், இவனுக்காக. வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

கில்லீன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். விட்காம்ப் உட்காரவில்லை.

"ரொம்ப சந்தோஷம். இன்னும் ஒரு சின்ன விஷயம். நீங்க சீட்டாட்டத்துல கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டேன்."

டெர்மட் நாற்காலி நுனிக்கு வந்தான்.

கிழவர் சீட்டாடும்போது ராணிச் சீட்டை 'ராணி' என்று சொல்லமாட்டார், 'அந்தப் பொம்பளை' என்றுதான் சொல்வார். அவர் கப்பலேறிய கோவ் துறைமுகத்துக்கு அந்த ராணியின் வருகையை வைத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். இது பிரிட்ஜ்போர்ட் முழுக்கத் தெரிந்த வேடிக்கை. பிரிட்ஜ்போர்ட்டுக்கு வெளியே தெரிய வைத்தவன் யார்? தேர்தல் மேடைக்கு மேடை, கைதட்டலுக்காக, அப்பாவின் குரலிலேயே நடித்துக் காட்டியவன் டெர்மட்தான். பத்திரிகைகளும் அதை அப்படியே போட்டன. விட்காம்ப் பத்திரிகை படிக்கிற மனிதர்.

"நீங்க அன்னைக்குச் சொன்ன உறுதிமொழியை இன்னைக்கு இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

கில்லீன் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன், கனம் நீதிபதி அவர்களே. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்ன வார்த்தை யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"ஞாபகம் வேண்டாம்" என்றார் விட்காம்ப். "குமாஸ்தா படிக்கட்டும், இவர் திருப்பிச் சொல்லட்டும். அன்னைக்குச் சொன்னதுதானே. இன்னைக்குச் சொல்றதுல என்ன கஷ்டம்?"

நீதிபதி யோசித்தார். "சொல்லலாம்" என்றார்.

டெர்மட் பாதி எழுந்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். மயக்கம் என்று சொல்லலாம். விட்காம்ப் அவனைத் திரும்பிப் பார்த்து, அவன் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார். இப்போது குறுக்கிட்டால் எல்லாவற்றையும் அவனே ஒப்புக்கொண்ட மாதிரி. டெர்மட் உட்கார்ந்தான். எத்தனையோ பேரை அந்தக் கூண்டில் ஏற்றி இறக்கியவனுக்கு, தன் அப்பாவை அங்கிருந்து இறக்க ஒரு வழி தோன்றவில்லை.

குமாஸ்தா முதல் பாதியைப் படித்தார். கிழவர் எழுந்து நின்று சொன்னார். இந்த நாட்டுக்கும் அதன் சட்டத்துக்கும் உண்மையாக இருப்பேன் என்று, ஜன்னல் கண்ணாடி அதிர, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கூட்டத்தில் யாரோ "பலே பெரியவரே" என்றார்கள்.

குமாஸ்தா இரண்டாவது பாதியைப் படித்தார்.

"'இதுவரைக்கும்...'" என்று கிழவர் ஆரம்பித்தார். நின்றார். தொண்டையைச் செருமினார். "'இதுவரைக்கும் பிரிட்டனுக்கும்... அயர்லாந்துக்கும்...'"

மறுபடியும் நின்றார். டீலியாவின் உதடுகள் அவருக்காக அசைந்தன. கிழவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவர் முயற்சி செய்கிறார் என்பது டெர்மட்டுக்குத் தெரிந்தது. வேறு யாருக்காகவும் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டார். வேர்வை நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்கியது. வாய் திறந்தது, மூடியது, திறந்தது.

"அவசரமில்லை" என்றார் விட்காம்ப், நிஜமான அன்போடு.

கிழவர் மகனைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை டெர்மட் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான், அம்மாவைப் புதைத்த அன்றைக்கு. நான் என்னடா செய்ய என்று கேட்கிற பார்வை. டெர்மட் தலையை ஆட்டவில்லை. சொல்லுங்கள் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அவனால் ஒன்றும் முடியவில்லை.

"என்னை மன்னிச்சுடுடா" என்றார் கிழவர். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பினார். குரல் தெளிந்துவிட்டது.

"ஐயா, ஆமான்னு சொன்னது பொய். இந்தப் பாதியை நான் அன்னைக்கும் சொல்லலை, இன்னைக்கும் சொல்லமாட்டேன். நான் அந்தப் பொம்பளையோட பிரஜையா ஒரு நாள்கூட இருந்ததில்லை."

குமாஸ்தா காகிதத்தைக் கீழே வைத்தார்.

பிறகு கைதட்டல் வெடித்தது. டென்னிஹிதான் முதலில் தட்டினார். அடுத்து டிராமில் கை தூக்கியவர்கள் எல்லாரும். தொப்பிகள் பறந்தன. மீன்காரி அழுதுகொண்டே தட்டினாள். அயர்லாந்துப் பஞ்சத்தில் செத்துப்போன தங்கள் ஆட்கள் அத்தனை பேருக்காகவும் ஒரு கிழவர் கோர்ட்டில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். அவர்களுக்கு அது போதும். சொன்னதன் அர்த்தம் என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. நீதிபதியின் சுத்தியல் சத்தம் அந்தச் சத்தத்துக்குள் அமுங்கிப் போனது.

கில்லீன் டெர்மட்டைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். டெர்மட் மேஜை மேலிருந்த காகிதங்களைப் பார்த்தான். கில்லீன் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

விட்காம்ப் கைதட்டுகிறவர்களை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே படவில்லை. அவர் எதற்காகப் பார்க்கிறார் என்பது அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குப் புரிந்தது. டீலியா பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டாள்.

நிறுத்துங்கள் என்று சொல்ல டெர்மட் எழுந்து கையைத் தூக்கினான். அவர்கள் அதைத் தங்களுக்கான வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கைதட்டல் இரண்டு மடங்கானது.

ஓய்ந்தபோது விட்காம்ப் நீதிபதிக்குத் தலை வணங்கினார். "அடுத்த சாட்சியா, அங்க முதல் வரிசையில நிக்கிற திரு டென்னிஹியை அழைக்கிறேன்."

டென்னிஹிக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். டெர்மட்டின் நாற்காலி அருகே வந்ததும் குனிந்து அவன் தோளைத் தட்டினார்.

"கவலையை விடுங்க தம்பி. எனக்குக் குடியுரிமை வாங்கிக் குடுத்த கை யாரோட கைன்னு இப்ப நான் இந்த கோர்ட்டுக்கே சொல்றேன்."

கூண்டில் ஏறி, பைபிள் மேல் கையை வைத்து, மகிழ்ச்சியாகச் சிரித்தார்.